துளி எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு வைத்ததும் ஏரோசால் விளைவு பாதியாகிறது: அப்படியே விடலாமா?

முகில்மாணவி:
வணக்கம். ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்கள்; மேகத்துளிகள் இவற்றின் மேல்தான் உருவாகின்றன) மேகங்களை எவ்வளவு வெண்மையாக்குகிறது என்று பார்க்க ஓர் உலகளாவிய காலநிலை மாடலை ஓட்டுகிறேன். கடல் வெப்பநிலையை மாற்றாமல் இரண்டு ஓட்டங்கள்: ஒன்றில் 1850 உமிழ்வு, இன்னொன்றில் 2014. மேகங்கள் வழியான வித்தியாசம் மட்டும் சதுர மீட்டருக்கு −2.4 வாட் வருகிறது. ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை தரும் மதிப்பு −1.0, வரம்பு −1.7 முதல் −0.3 வரை. மேகத்துளி எண்ணிக்கை கன சென்டிமீட்டருக்கு 40-க்குக் கீழே போகாதபடி தடுத்தேன். உடனே −1.3 ஆகிவிட்டது. வரம்புக்குள் வந்துவிட்டதே, போதும் என்கிறார்கள் கூட இருப்பவர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

தென்கடல்:
ஒப்பாதது சரிதான். விளைவு மிகப் பெரிதாக இருக்கும் இடத்தையே அந்த 40 மூடி மறைக்கிறது.

மேகத்தின் நீரளவு மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரிய ஒளியில் பாதியைத் திருப்பியனுப்பும் மேகத்தில் துளிகள் 30-இலிருந்து 60 ஆனால், எதிரொளிப்பு ஏறத்தாழ 0.06 கூடும். அதே 30 துளிகள், ஏற்கெனவே 300 இருக்கும் மேகத்தில் சேர்ந்தால் 0.01 கூட வராது. ஆக, தூய மேகங்கள்தான் கணக்கையே தீர்மானிக்கின்றன. இப்போது துளிகள் 15-இலிருந்து 30 ஆன ஒரு கட்டத்தை (மாடல் பூமியைப் பிரிக்கும் பகுதிகளில் ஒன்று) பாருங்கள்: கீழ்வரம்பு இரண்டையும் 40 ஆக்கிவிடும், அங்கே விளைவு பூஜ்யம்!

முதலில் ஒரு வரைபடம் போடுங்கள்: எந்தக் கட்டத்தில் எத்தனை சதவீத நேரம் கீழ்வரம்பு தொடப்படுகிறது என்று, இரண்டு ஓட்டங்களுக்கும் தனித்தனியாக. அப்புறம், 1850 ஓட்டத்தில் கடல் நுண்ணுயிரிகளிலிருந்து வரும் டைமெத்தில் சல்பைடு (இயற்கையாகவே ஏரோசாலாக மாறும் வாயு) இருக்கிறதா? அது விடுபட்டால் 1850-இன் காற்று உண்மையில் இருந்ததைவிடத் தூய்மையாகி, வித்தியாசம் பெருத்துவிடும்.

முகில்மாணவி:
நன்றி. சல்பைடு இரண்டிலும் இருக்கிறது. வரைபடத்தில் 1850 ஓட்டம்தான் அதிகம் தொடுகிறது, பெரும்பாலும் தெற்குப் பெருங்கடலிலும் வட பசிபிக்கிலும். அப்படியென்றால் −2.4 எங்கிருந்து வருகிறது?

மழைத்தூறல்:
மேகத்தின் நீரளவு எவ்வளவு மாறியது என்று பாருங்கள் தங்கச்சி. மேகத்துளிகள் சேர்ந்து தூறலாகும் வேகத்துக்கு நிறைய மாடல்கள் கைரவுத்தினோவ், கோகன் இருவரின் 2000-ஆம் ஆண்டுச் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் துளி எண்ணிக்கையின் அடுக்கு −1.79. எண்ணிக்கை இரட்டித்தால் தூறல் உருவாகும் வேகம் 29 சதவீதமாகச் சுருங்கும். மழை குறைந்து நீர் மேகத்திலேயே தங்கிவிடும், மேகம் இன்னும் வெளுக்கும்.

இயற்கை அவ்வளவு கடுமையாகச் செய்வதில்லை. ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ரவுன் வெடிப்பு (2014 ஆகஸ்ட் முதல் 2015 பிப்ரவரி வரை) ஏராளமான சல்பர் டைஆக்சைடை வட அட்லாண்டிக் மேல் கொட்டியது. செயற்கைக்கோள்களில் துளிகள் சிறுத்தது தெளிவாகத் தெரிந்தது. நீரளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. உங்கள் மாடலில் மழை ஒரு நேரப்படியிலிருந்து அடுத்த நேரப்படிக்கு நினைவில் வைக்கப்படுகிறதா, ஒவ்வொரு படியிலும் புதிதாகக் கணக்கிடப்படுகிறதா?

முகில்மாணவி:
ஒவ்வொரு படியிலும் புதிதாகத்தான், அண்ணா. நீரளவு நன்றாகவே கூடியிருக்கிறது.

மழைத்தூறல்:
அங்கேதான் சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த முறையில், விழும் மழைத்துளி வழியில் உள்ள மேகத்துளிகளை வாரிக்கொள்வது குறைவாகக் கணக்காகிறது. எல்லாப் பாரமும் அந்த −1.79 சூத்திரத்தின் மேல் விழுகிறது. மழையை நினைவில் வைக்கும் முறை உங்கள் மாடலில் இருந்தால் அதைத் திறந்து, கீழ்வரம்பை எடுத்துவிட்டு, அந்த வெடிப்புக் காலத்தை, அப்போது உண்மையில் வீசிய காற்றையே மாடலும் பின்பற்றும்படி கட்டி ஓட்டுங்கள். வெடிப்பு உமிழ்வோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. நீரளவு அசையாமல் துளி மட்டும் சிறுத்தால், அப்போது வரும் எண்ணை வைத்துப் பேசலாம்.