எங்கள் ஊர் தாழிக்காட்டைக் காப்பாற்ற என்ன வழி?

தேரிமண்:
ஊருக்குக் கிழக்கே ஒரு செம்மண் மேடு இருக்கிறது. பெருமழை பெய்து ஓய்ந்தால், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகளின் வாய் வட்டம் வட்டமாக மேலே தெரியும், சின்ன வயதில் அதைச் சுற்றித்தான் ஆடு மேய்ப்போம். பாதி புறம்போக்கு, மீதி நாலைந்து பேருடைய பட்டா. இப்போது ராத்திரியில் ஜேசிபி வைத்து மண் அள்ளுகிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன், வெட்டிய மண்சுவரில் ஒரு தாழி சரிபாதியாக அறுபட்டு நிற்கிறது, உள்ளே கறுப்பு சிவப்புக் கலயம் ஒன்று நொறுங்கிக் கிடக்கிறது. மனசே ஆறவில்லை. ஆதிச்சநல்லூர் மாதிரி இதையும் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வைக்க முடியுமா? பட்டாக்காரர்கள் நிலம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

பழைய ஏடு:
முடியும். மத்திய அரசு பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி செய்கிறது. இடம் குறைந்தது 100 ஆண்டு பழமையானதாக இருக்க வேண்டும், தேசிய முக்கியத்துவம் உண்டு என்று அரசு கருத வேண்டும். முதலில் அரசிதழில் அறிவிப்பு வரும், அதன் நகலை அந்த இடத்திலேயே கண்ணில் படும்படி ஒட்டுவார்கள். இரண்டு மாதத்துக்குள் யாருக்கு ஆட்சேபம் இருந்தாலும் எழுதிக் கொடுக்கலாம், அதைப் பரிசீலித்த பிறகுதான் இறுதி அறிவிப்பு. மாநில அரசுக்கும் 1966இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. நானாக இருந்தால் முதலில் தமிழ்நாடு தொல்லியல் துறைக்குத்தான் எழுதுவேன்.

வயக்காடு:
நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். அறிவித்த உடனே பட்டா மாறிவிடாது. அரசுக்கே நிலம் வேண்டுமென்றால் கையகப்படுத்துவது தனி நடவடிக்கை, இழப்பீடும் உண்டு. மத்தியச் சட்டத்தில் விவசாயத்துக்கும் தடை இல்லை, ஆனால் ஓர் அடி ஆழத்துக்கு மேல் தோண்டக் கூடாது. கஷ்டம் கட்டடம் கட்டுகிறவர்களுக்குத்தான். எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இதை மறைக்காமல் பட்டாக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் தெரிந்தால் ஊரே எதிர்த்து நிற்கும்.

கல்வெட்டுப் பித்தன்:
தம்பி, அறிவிப்பு வர வருடக்கணக்கில் ஆகலாம், முதலில் ஜேசிபியை நிறுத்துங்கள். சர்வே எண்களை எடுத்துக்கொண்டு கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் மனு கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். அறுபட்ட தாழிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். அந்தக் கலயத்தை மட்டும் பத்திரப்படுத்துகிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். எந்த ஆழத்தில், எந்தத் தாழிக்குள், எதனோடு கிடந்தது என்பதுதான் அதன் வரலாறே, எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அங்கே மண்ணுக்குள் இருந்ததை இருந்த இடத்திலேயே மக்கள் பார்க்கிற அருங்காட்சியகத்தை 2023இல்தான் திறந்தார்கள்.

தேரிமண்:
நன்றி அண்ணா. கலயத்தைத் தொடவில்லை, மழைத் தண்ணீர் இறங்காமல் மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். விஏஓவிடம் சர்வே எண் வாங்கிவிட்டேன். பட்டாக்காரர்களில் இரண்டு பேர் அந்த ஓர் அடிக் கணக்கைக் கேட்டதும், கடலை போட அது போதுமே என்று சம்மதித்துவிட்டார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்கிறோம்.