மறுபடியும் நீட் எழுதுவதா, வேண்டாமா? நாங்கள் முடிவெடுத்த விதம்

விருதுநகர் பக்கத்திலிருந்து, மாணவி:

2022 ஜூலை 17 அன்று முதல் தடவை நீட் எழுதினேன். செப்டம்பர் 7 ராத்திரி முடிவு வந்தது. 720க்கு 340. அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைக்க அது பத்தாது. மாமா "இன்னொரு வருஷம் படி" என்றார். பாட்டி "பொம்பளப் பிள்ளைய எத்தனை வருஷம் வீட்ல வச்சிருக்கிறது" என்றார். நான் ரெண்டுக்கும் தலையாட்டிவிட்டு ராத்திரி அழுதேன்.

பள்ளி இயற்பியல் டீச்சர்தான் வீட்டுக்குக் கூப்பிட்டார். நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை வெளியிட்ட என் ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார். தப்பான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் ஒரு எழுத்து போடச் சொன்னார். படிக்காத பாடம் என்றால் 'ப', தெரிந்தும் தவறியிருந்தால் 'த', குத்துமதிப்பாக நிரப்பியது என்றால் 'கு'.

உயிரியலில் 246. வேதியியலில் 55. இயற்பியலில் 31 கேள்வி நிரப்பியிருந்தேன், 14 சரி, 17 தப்பு. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழித்தால் வெறும் 39. அந்த 17இல் 11 'கு'. அவற்றைத் தொடாமல் விட்டிருந்தாலே 50 வந்திருக்கும். மீதி ஆறும் வெப்ப இயக்கவியல், அலைகள் என்று எல்லாமே பிளஸ் ஒன் பாடம்.

"இதை நீ படிச்சிருக்கியாம்மா?" என்றார். படிக்கவில்லை. பிளஸ் ஒன் முழுக்கக் கொரோனா. வீட்டில் ஒரே போன், தம்பிக்கும் அதிலேதான் வகுப்பு. "அப்போ உனக்குப் புரியாம போகலை, படிக்கவே வாய்க்கலை. எழுது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் நான் யாரிடமும் கேட்கவில்லை.

2023 மே 7 அன்று மறுபடி எழுதினேன். 489. இயற்பியல் மட்டும் 112. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். முடிவெடுக்கத் தவிப்பவர்கள் தயவுசெய்து முதலில் அந்தச் சிவப்புப் பேனாவை எடுங்கள். மொத்த மார்க்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கரூரிலிருந்து, ஒரு அப்பா:

விருதுநகர் பாப்பா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லத் தோன்றியது. என் மகள் 2021இலும் 2022இலும் எழுதினாள். ரெண்டு தடவைக்கும் நடுவில் ஒன்பது மார்க்தான் வித்தியாசம். படிக்காத பாடம் என்று எதுவுமே இல்லை. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து படித்த பிள்ளை அவள். அப்படியும் மூன்றாவது தடவை எழுதுகிறேன் என்றாள்.

நான் மறுக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்து, "உனக்கு டாக்டர் ஆகணுமா சாமி?" என்று மட்டும் கேட்டேன். டம்ளரைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பேசவில்லை. டீயில் ஆடை கட்டிவிட்டது. அப்புறம், "பாதியில விட்டுட்டாள்னு ஊர்ல சொல்லிடுவாங்கப்பா" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பிள்ளை யாருக்காக எழுதிக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பி.எஸ்சி. நர்சிங்குக்கு இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு. அவளுக்கு அது நன்றாகவே இருந்தது, சேர்ந்துவிட்டாள். வார்டுப் பயிற்சி தொடங்கியதிலிருந்து லீவுக்கு வந்தால் பேச்செல்லாம் நோயாளிகளைப் பற்றித்தான். ஊசி போட நரம்பே கிடைக்காத ஒரு தாத்தாவுக்கு முதல் குத்திலேயே எடுத்த கதையை, போன தடவை சாப்பிடும்போது மூன்று முறை சொன்னாள்.