சிப்பி சுண்ணாம்பு போட்ட ஃப்ளை ஆஷ் கல்லு பத்து நாள்ல பேந்து விழுது, யாராச்சும் வழி சொல்லுங்க

தருவைகரை: அண்ணாச்சிமாருக்கு வணக்கம். தூத்துக்குடி பக்கம் சின்னதா ஃப்ளை ஆஷ் கல்லு போடுறேன். அனல்மின் நிலையத்து சாம்பல் 60 பங்கு, குவாரி டஸ்ட் 25, சுண்ணாம்பு 10, ஜிப்சம் 5. இதுவரை கடை சுண்ணாம்புதான், போன மாசம் கடற்கரையில குமிஞ்சு கெடக்க சிப்பி, மட்டி ஓட்டை எடுத்து காளவாசல்ல சுட்டு பொடிச்சு நேரா பான் மிக்சர்ல (கலவை போடுற மெஷின்) கொட்டிட்டேன். அச்சுல இருந்து எடுக்கையில கல்லு அருமையா இருந்துச்சு, பத்தாம் நாள் பாத்தா அங்கங்க காசு அளவுக்கு பேந்து விழுது, குழிக்கு நடுவுல கடுகு மாதிரி ஒரு வெள்ளப் புள்ளி. அடியில உப்பு வேற பூத்திருக்கு. 3000 கல்லு நிக்குது, சாம்பல் சரியில்லையா?

காளவாசல்காரன்: சாம்பல் மேல தப்பு இல்ல தம்பி. அந்தப் புள்ளிதான் நீறாத சுண்ணாம்பு, அதாவது இன்னும் தண்ணி குடிச்சு பொடியாகாத சுண்ணாம்பு. ஓட்டை சுட்டா வர்றது சுட்ட சுண்ணாம்பு, அது தண்ணி குடிச்சா ஊதும். கல்லு இறுகினப்புறம் உள்ள இருந்து ஊதுச்சுன்னா மேல்தோலை தள்ளிரும். குழி வெட்டி தண்ணி ஊத்தி நீத்து, ஒரு வாரமாச்சும் ஊறட்டும், அப்புறம் மெல்லிசு சல்லடையில சலி. நீத்தும்போது கொதிச்சுத் தெறிக்கும், கண்ணாடி, கையுறை இல்லாம கிட்டப் போகாத, எங்க ஆளு ஒருத்தருக்கு கண்ணுல பட்டு ரொம்ப நாள் அவஸ்தைப்பட்டாரு.

தருவைகரை: சுட்ட பொடியில ரெண்டு சொட்டு ஆசிட் விட்டேன் அண்ணாச்சி, பொங்குது. அதுவும் தப்பா?

காளவாசல்காரன்: வேகாத ஓடுதான் ஆசிட்டுல பொங்கும், அப்ப பாதி வேகவே இல்ல. 900 டிகிரி பக்கம் நின்னு எரியணும். 100 கிலோ ஓடு நல்லா வெந்தா 56 கிலோதான் மிஞ்சும், எடை போட்டாலே தெரிஞ்சிரும். வேகாத ஓடு பசையா பிடிக்காது, டஸ்ட் மாதிரி சும்மா கெடக்கும், அதனால உன் 10 பங்கு நெசத்துல 10 இல்ல.

உப்புக்காத்து: உப்பு பூக்குறதுக்கு ஓட்டை கழுவாததுதான் காரணமா இருக்கும். நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசிட்டு சுடுங்க, கடல் தண்ணி, உவர் தண்ணி பக்கமே போகாதீங்க. கல்லுல உப்பு இருக்கான்னு டெஸ்ட் பண்ண, தட்டுல 25 மில்லிமீட்டர் தண்ணி விட்டு கல்லை செங்குத்தா நிறுத்துங்க, வத்தினதும் இன்னொரு தடவை ஊத்தி வத்த விட்டு, வெள்ளையா பூக்குதான்னு பாருங்க. உப்பு பூத்த கல்லை கம்பி போட்ட கான்கிரீட்டை ஒட்டி வைக்காதீங்க, உப்பு கம்பியை தின்னுரும். 3000 கல்லையும் வீட்டுக்கு வித்துராதீங்கண்ணே, பூச்சு பூசினப்புறம் தெறிச்சா கட்டினவன் பாவம்.

தருவைகரை: விக்கல. உடைச்சு ரோட்டோரப் பள்ளத்துக்கு போட்டாச்சு, மனசு கேக்கலைன்னாலும் அதான் சரி. ஓட்டை அலசி, சுட்டு, பத்து நாள் நீத்தி சலிச்ச சுண்ணாம்புல 20 கல்லு போட்டு ரெண்டு வாரம் நனைச்சேன். நீறாத புள்ளி மிச்சமிருந்தா இப்பவே பேந்துரட்டும்னு அதுல நாலை எடுத்து இட்லி கொப்பரை மாதிரி ஒரு டிரம்முல மூணு மணி நேரம் ஆவியில வச்சேன், ஒண்ணுகூட பேரல. உப்புக்கு ரெண்டு கல்லு தட்டுல நிக்குது, இன்னும் தண்ணி வத்தல.