நோட்டில் "சுமார்" என்று எழுதிய படத்தை எப்போது கொண்டாட ஆரம்பித்தேன்?

பெயிண்ட்கடைக்காரன், மதுரை

ஊருக்கெல்லாம் பெயிண்ட் விற்கிறேன், சொந்தக் கடைக்கு இந்த வருஷம்தான் அடிக்க முடிந்தது. பரணிலிருந்து சாமான்களை இறக்கியபோது என் பழைய சினிமா நோட்டு கிடைத்தது. எண்பது பக்கம். 1999லிருந்து 2006 வரை தியேட்டரில் பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் தேதி, கூட வந்தது யார், டிக்கெட் விலை, ஒரு வரி கருத்து. சில பக்கங்களில் டிக்கெட்டையே சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். கரப்பான் தின்றது போக மிச்சம் இருக்கிறது.

2003 ஜனவரிப் பக்கம்தான் என்னைத் தூக்கிப் போட்டது. பொங்கல் லீவு. 'தூள்' பார்க்கப் போய் டிக்கெட் கிடைக்காமல் நானும் மச்சானும் 'அன்பே சிவம்' போயிருக்கிறோம். என் கையெழுத்திலேயே இருக்கிறது: "சுமார். இழுவை. ஏர்போர்ட் சீன் பரவாயில்லை. தூள் நாளைக்கு." (நாளைக்குப் போகவில்லை. அடுத்த பதிவு பத்து நாள் கழித்துத்தான். ஏன் என்று நினைவில்லை.)

இதில் என்ன என்கிறீர்களா? நான் எல்லோரிடமும் சொல்லிவந்த கதையே வேறு. வந்த புதிதில் அந்தப் படத்தை ஜனங்கள் கைவிட்டார்கள், நான் மட்டும் அன்றைக்கே பார்த்து அசந்துபோனேன் என்று பையனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரிடம் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன், இரண்டு டின் எமல்ஷன் வியாபாரம் போயிற்று. சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

யோசித்துப் பார்த்தால், 2003க்குப் பிறகு அந்தப் படத்தை நான் முழுசாகப் பார்க்கவே இல்லை. டிவியில் துண்டு துண்டாகப் பார்த்ததோடு சரி. மீதியெல்லாம் படித்தது. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுதுவார், நானும் விடாமல் படிப்பேன். அந்தக் கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து, மச்சானுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பி அனுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டன போல.

இன்னொன்று இதற்கு நேர் எதிர். 2019ல் 'அசுரன்' பார்த்து அழுதேன், விசிலும் அடித்தேன். அப்புறம் நண்பர் ஒருவர், அந்தப் படத்துக்கு மூலமான பூமணியின் 'வெக்கை'யைக் கொடுத்தார். 1982ல் வந்த நாவல், இரண்டே ராத்திரியில் முடித்தேன். கையை மட்டும் எடுக்கப் போன பையன் ஆளையே முடித்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவனும் அப்பாவும் காட்டில் எங்கே ஒளிகிறார்கள், எதைத் தின்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்பதுதான் புத்தகம் முழுக்க. படத்தில் வரும் அந்தப் பெரிய ஃப்ளாஷ்பேக் இதில் கிடையாது. படித்த சூட்டில் படத்தை மறுபடி போட்டேன். விசில் அடித்த இடமெல்லாம் இரைச்சலாக இருந்தது.

இப்போது எது என் கருத்து? படிக்காமல் அழுததா, படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கியதா? உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

இன்டர்வெல் பஃப்ஸ்

அண்ணே, உங்களுக்காவது வருஷக்கணக்கில் ஆனது. எனக்குப் பதினைந்து நிமிஷம் போதும். போன மாசம் ஒரு படம், காலை ஒன்பது மணிக் காட்சி. முதல் பாதி ஜாலியாகப் போனது. இடைவேளையில் போனை எடுத்தேன், "செம லேக்" என்று நாலு பேர் போட்டிருந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தேன், படம் லேக் ஆக ஆரம்பித்துவிட்டது. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்டார்களே, என் போனை யார் வெளியே வைப்பது?

கரிசல்காட்டான்

நான் கோவில்பட்டிப் பக்கம். பூமணி எங்கள் மண்காரர் என்பதால் 'வெக்கை' எனக்குக் காலேஜ் காலத்திலேயே மனப்பாடம். 'அசுரன்' போனது படம் பார்க்க இல்லை, திருத்த. கையில் சிவப்புப் பேனா இல்லாத குறைதான். இது இருக்கு, இது இல்லை, இதை மாத்திட்டான் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டே இருந்தேன்.

செருப்புப் போட்டதற்காக அந்தப் பெண்ணை அடிக்கிற காட்சி வந்தது. புத்தகத்தில் இல்லையே, தேவையில்லாத சேர்க்கை என்று பெருக்கல் குறி போட்டேன். பக்கத்தில் அறுபது வயசுக்காரர் ஒருவர், படம் தொடங்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியில் மெதுவாகக் காலை இறக்கி, இருட்டில் தடவித் தடவி இரண்டு செருப்பையும் எடுத்து மாட்டிக்கொண்டார். படம் முடிகிறவரை கழற்றவில்லை.

குடிசைகள் எரியும் இடம், 1968ல் கூலி விவசாயக் குடும்பங்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த கீழ்வெண்மணியை நினைவுபடுத்துகிறது என்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனைக்கும் வெண்மணி பற்றிப் படிக்காதவன் இல்லை. 'வெக்கை'க்குக் காவல் காத்ததில் மற்றது எதுவும் கண்ணில் படவில்லை. உங்கள் முதல் அழுகையை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மார்க் சீட்டு

தம்பி, எங்கள் காலத்தில் ஆனந்த விகடன் விமர்சனத்தில் நூற்றுக்குப் போடும் மார்க் வைத்தே படம் பார்த்தோம். 'பதினாறு வயதினிலே'வுக்கு 62.5. அந்த அரை மார்க்கு எதற்கு என்று தூத்துக்குடியில் எங்கள் மேன்ஷனில் ஒரு ராத்திரி பூரா விவாதம் நடந்தது. ஐம்பது தாண்டினாலே பெரிய படம். நாற்பதுக்குக் கீழே இருந்தால் நான் காசு கொடுக்க மாட்டேன். பின்னாளில் தூக்கம் வராத ஒரு ராத்திரி, நான் அப்போது ஒதுக்கிய படம் ஒன்று டிவியில் ஓடியது. நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு மிச்சம் பிடித்தது இரண்டு ரூபாயோ என்னவோ.

சந்திப்பிழை

தமிழ் வகுப்பு எடுப்பவள் நான். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படித்துவிட்டு 'உதிரிப்பூக்கள்' பார்த்தேன். கதையில் பேராசிரியர் வீடு, படத்தில் கிராமம், ஆறு. முதல் ஒரு மணி நேரம் கதையைத் தேடித் தேடியே வீணாக்கினேன். கடைசியில் அந்த இரண்டு பிள்ளைகளும் ஆற்றங்கரையில் நிற்கும்போதுதான் புரிந்தது, மகேந்திரன் அந்தக் கதையிலிருந்து தாயில்லாப் பிள்ளைகளை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். அவரும் இயக்குநராவதற்கு முன் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதியவர்தான். கடைக்காரரே, முதலில் 'அன்பே சிவம்' படத்தை முழுசாகப் பாருங்கள். நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட்கடைக்காரன், மதுரை

டீச்சர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். வீட்டுக்காரி பாதியில் தூங்கிவிட்டாள்.

கட்டுரைகளில் படித்த வசனம் ஒவ்வொன்றும் வருவதற்கு முன்பே என் வாயில் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் தெரிந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி, வந்ததும் ஏறிக்கொண்டேன். அதிலெல்லாம் பெரிசாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் ஏர்போர்ட்டில் மாதவன் கமலைத் தீவிரவாதி என்று நினைத்து மாட்டிவிடுகிற இடத்தில் சத்தமாகச் சிரித்து வீட்டுக்காரியை எழுப்பிவிட்டேன். நோட்டில் "பரவாயில்லை" போட்டிருந்த அதே சீன். நடுவில் ஒரு இடத்தில் மணி பார்த்ததும் உண்மை. அப்போ அந்த 2003 ஆள் முழுப் பைத்தியக்காரன் இல்லை என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கடைசியில் கண் கலங்கியது, அது யாருடைய கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

சரி, சாட்சி ஒருவர் இருக்கிறாரே என்று மச்சானுக்குப் போன் போட்டேன். "அன்பே சிவம் அன்னைக்கு எனக்குப் பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டேன்.

"உனக்கெங்க மாப்ள படம் பார்க்க நேரம்? கடவாப்பல் வலியில கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு எப்ப முடியும், எப்ப முடியும்னு உசிரை எடுத்தியே. மறுநாளே பிடுங்கினோம்ல."

நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். டிக்கெட் விலை இருக்கிறது, முறுக்கு வாங்கிய கணக்குகூட இருக்கிறது. பல்வலி பற்றி ஒரு எழுத்து இல்லை.