கிராண்ட் கேன்யன் பக்கத்துல காட்டுல ஃப்ரீயா டென்ட் போடலாமா? மேப் புரியல, வாடகை வண்டி, கூட அப்பா அம்மா. உதவுங்க

டல்லாஸ்_ஈரோடு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அக்டோபர் நடுவுல கிராண்ட் கேன்யன் சவுத் ரிம் (தெற்கு விளிம்பு) போறோம். நான், வீட்டுக்காரர், 9 வயசுப் பையன், ஊர்ல இருந்து வந்திருக்கற எங்க அப்பா அம்மா. பார்க்குக்குள்ள இருக்கற மேதர் கேம்ப்கிரவுண்ட் ஆறு மாசம் முன்னாடியே புக்கிங் திறந்து, நாங்க பாக்கறப்ப எங்க தேதி எல்லாம் போயிருச்சு. ஆஃபீஸ்ல ஒருத்தர் சொன்னார், பார்க் கேட்டுக்கு வெளிய டூசேயன்னு ஒரு சின்ன ஊரு, அதை ஒட்டியே கைபாப் நேஷனல் ஃபாரஸ்ட், அங்க புக்கிங்கும் வேண்டாம் காசும் வேண்டாம், டிஸ்பர்ஸ்டு கேம்பிங்னு பேரு, போய் டென்ட் அடிச்சுக்கலாம்னு.

ஒரு ஆப்ல பாத்தா 302ங்கற காட்டு ரோட்டுப் பக்கம் நிறைய பின் போட்டு வெச்சிருக்காங்க. ஆனா ஒரே பின்னுக்குக் கீழ ஒருத்தர் "அருமையான இடம்"ங்கறார், அடுத்தவர் "ராத்திரி ஆபீசர் வந்து எழுப்பி விட்டுட்டார்"ங்கறார். எதை நம்பறது? ஃபாரஸ்ட் சர்வீஸ் மேப்பை டவுன்லோட் பண்ணிப் பாத்தேன், கறுப்பு வெள்ளைல வெறும் கோடும் நம்பரும்தான் இருக்கு, மலை எங்க ஊர் எங்கன்னு ஒண்ணும் தெரியல. ஃபீனிக்ஸ்ல இறங்கி மினிவேன் வாடகைக்கு எடுக்கறோம், அது அந்த ரோட்டுல போகுமா? அம்மாவுக்கு முட்டி வலி, டாய்லெட்டுக்கு என்ன பண்றது? நாங்க எச்1பி விசா, அப்பா அம்மா விசிட்டர் விசா, அதுனால ஏதாவது பிரச்சினை வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பாண்டரோசா_நிழல்

ஃபிளாக்ஸ்டாஃப்லதான் இருக்கேன் சிஸ்டர், இந்தக் காட்டுக்கு அடிக்கடி போறவன். ஆபீஸ் நண்பர் சொன்னது சரிதான். நேஷனல் பார்க்கும் நேஷனல் ஃபாரஸ்ட்டும் வேற வேற. பார்க்குக்குள்ள கண்ட இடத்துல டென்ட் போட முடியாது, ஃபாரஸ்ட்லயும் பி.எல்.எம்ங்கற மத்திய அரசு நிலத் துறையோட நிலத்துலயும் தடை சொல்லாத இடத்துல போடலாம். கைபாப்ல 30 நாளைக்குள்ள 14 நாள் வரை தங்கலாம்.

இப்ப அந்த மேப். அதுக்குப் பேரு மோட்டார் வெஹிகிள் யூஸ் மேப், சுருக்கமா எம்.வி.யு.எம். அது ஊர் சுத்திப் பாக்கற மேப் இல்ல, எந்த ரோட்டுல வண்டி விடலாம்ங்கறதுக்கான சட்ட ஆவணம், 2005ல வந்த ஒரு விதிப்படி ஒவ்வொரு ஃபாரஸ்ட்டும் இதைப் போட்டாகணும். அதான் மலை, ஆறு எதுவும் பெருசா இருக்காது. நீங்க பாக்க வேண்டியது ரெண்டே விஷயம். உங்க ரோட்டு நம்பர் அந்த மேப்ல இருக்கா? இல்லேன்னா அது வண்டிக்கு மூடின ரோடு, தரைல டயர் தடம் அழகா தெரிஞ்சாலும், தடுப்பு போர்டு ஒண்ணுமே இல்லாட்டியும் சரி. அடுத்து, அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல குட்டிக் குட்டியா புள்ளி ஓடுதான்னு ஜூம் பண்ணிப் பாருங்க. புள்ளி இருந்தா கேம்ப் போடறதுக்காக வண்டியை ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ள ஓட்டலாம், எவ்வளவு தூரம்ங்கறது மேப் ஓரத்துல இருக்கற அட்டவணைல இருக்கும். சில இடத்துல ஒரு பக்கம் மட்டும் புள்ளி இருக்கும், அதையும் கவனிங்க. புள்ளி இல்லாத இடத்துல வண்டியை ரோட்டோரத்துலயே நிப்பாட்டிட்டு சாமானைத் தூக்கிட்டு நடந்து போய் டென்ட் போடணும்.

அவென்ஸா மேப்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதுல இதே எம்.வி.யு.எம்-ஐ இலவசமா இறக்கிக்கலாம். நீங்க எங்க நிக்கறீங்கன்னு நீலப் புள்ளி காட்டும், சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யும். டல்லாஸ்ல வைஃபைல இருக்கும்போதே இறக்கி வெச்சிருங்க, காட்டுக்குள்ள போய் இறக்கலாம்னு நினைக்காதீங்க.

டல்லாஸ்_ஈரோடு

ரொம்ப நன்றிங்க அண்ணா! அவென்ஸால இறக்கிட்டேன். அந்த பின்னோட இடத்தை அதுல போட்டுப் பாத்தா, பின் 302 மேல இல்லவே இல்ல. 302ல இருந்து பிரிஞ்சு போற ஒரு சின்னத் தடத்து மேல இருக்கு, அந்தத் தடம் எம்.வி.யு.எம்-ல கிடையாது. ஆனா சேட்டிலைட் படத்துல நல்ல ரோடு மாதிரியே தெரியுது.

பாண்டரோசா_நிழல்

அப்போ ரெண்டு கமெண்ட்டும் எப்படி வந்துச்சுன்னு புரிஞ்சுருச்சு பாருங்க. அந்தத் தடத்துல வண்டியோட போனவரை எழுப்பி விட்டிருப்பாங்க, மெயின் ரோட்டோரத்துல புள்ளி இருக்கற இடத்துல தங்கினவர் அதே பின்னுக்குக் கீழ அருமைன்னு எழுதியிருப்பார். ஆப்ல பின் யார் வேணா போடலாம், அதை அனுமதின்னு எடுத்துக்காதீங்க. ஆப்ல இடத்தைத் தேடுங்க, எம்.வி.யு.எம்-ல சரி பாருங்க, கிளம்பறதுக்கு முந்தின நாள் டூசேயன் ரேஞ்சர் ஆபீசுக்கு ஒரு போன் போட்டு ரோடு எப்படி இருக்கு, தீக்கட்டுப்பாடு என்ன, ஏதாவது ஏரியா மூடியிருக்கான்னு கேளுங்க. ரொம்பப் பொறுமையா பதில் சொல்லுவாங்க, தயங்கவே வேண்டாம்.

இன்னொண்ணு, அரிசோனால மாடு, காட்டு மிருகம் தண்ணி குடிக்கற குளம் தொட்டி எதுவா இருந்தாலும் அதுல இருந்து கால் மைலுக்குள்ள கேம்ப் போடக்கூடாதுன்னு மாநிலச் சட்டமே இருக்கு. தண்ணி பாத்ததும் அழகா இருக்கேன்னு அங்க போய் நிக்காதீங்க. அந்த வறண்ட காட்டுல எல்க்ங்கற பெரிய மான் கூட்டத்துக்கு அது ஒண்ணுதான் தண்ணி, நாம உக்காந்திருந்தா அது கிட்டயே வராது.

வேளச்சேரி_டு_வேகஸ்

வண்டி மேட்டர் யாரும் சொல்லலையே. சிஸ்டர், ரென்டல் அக்ரிமென்ட்டை முழுசா படிங்க, முக்காவாசி கம்பெனில தார் போடாத ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். நீங்க கவுன்டர்ல வாங்கற டேமேஜ் கவரேஜும் அங்க செல்லாம போயிரும், கிரெடிட் கார்டு இன்சூரன்ஸும் பல கார்டுல அதே கதை. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஃபேமிலி காட்டு ரோட்டுல கல்லு அடிச்சு ஆயில் பேன் உடைஞ்சு, டோயிங்கோட சேத்து மொத்தமும் கைக்காசு போட்டாங்க. அங்க டோ டிரக் வர்றதுக்கே அரை நாள் ஆகும். எடுக்கும்போதே ஃபாரஸ்ட் ரோட்ல ஓட்டலாமான்னு கேட்டு, அனுமதின்னா எழுத்துல வாங்கிக்கோங்க.

ரோடு போர்டைப் பாத்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். நம்பர் படுக்கை வாட்டத்துல எழுதியிருந்தா பொதுவா சாதா கார் போற ரோடு. மேலிருந்து கீழ ஒவ்வொரு நம்பரா நட்டுக்குத்தலா இருந்தா அது உயரமான வண்டிக்கானது, மினிவேன் வேணவே வேணாம்.

தென்காசிச்_சாரல்

மழையைப் பத்தி ஒரு வார்த்தை. காஞ்சு கிடக்கும்போது தரை சிமெண்டு கணக்கா இருக்கும், ஒரு மழை பெஞ்சிட்டா நம்ம கரிசக்காட்டு மண்ணு மாதிரி டயரைச் சுத்திப் பிடிச்சுக்கும், ஃபோர் வீல் டிரைவே நகராது. வானிலை பாத்துட்டுப் போங்க, மழைன்னா அந்த நாளை விட்ருங்க. ஈர ரோட்டுல வண்டி விட்டா ஆழமா தடம் விழுந்து மாசக்கணக்குல அப்படியே நிக்கும், அப்படித்தான் பல ரோடு மூடிப் போகுது.

ஃபீனிக்ஸ்_அக்கா

தங்கச்சி, நான் நேராவே சொல்லிடறேன். அப்பா அம்மாவை அக்டோபர்ல டென்ட்ல படுக்க வைக்காத. அந்த இடம் 7000 அடி உயரம், அக்டோபர் ராத்திரி சராசரியே 2 டிகிரி செல்சியஸ் கிட்ட, சில நாள் பனி உறையும். ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு பகல்லயே மூச்சு வாங்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்களா இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அவங்களுக்கு டூசேயன்லயோ, இல்ல ஒரு மணி நேரம் தள்ளி வில்லியம்ஸ்லயோ ரூம் போட்டுடு. நீங்க மூணு பேரும் காட்டுல தங்குங்க, சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் சேந்து காட்டுல உக்காந்து சமைச்சு சாப்பிட்டுட்டு அவங்களை ரூம்ல விட்டுட்டு வாங்க. அந்தப் பைன் மர வாசனையும் அமைதியும் அவங்களுக்கும் கிடைச்ச மாதிரி ஆச்சு.

பகல்ல டாய்லெட்டுக்கு மடக்கற சீட்டு ஒண்ணும், அதுக்குள்ள மாட்டற ஜெல் பவுடர் பையும் கடைல கிடைக்கும், சுத்தி மறைக்க பாப்-அப் டென்ட். முட்டி மடக்க வேண்டாம். அந்தப் பையை இறுக்கிக் கட்டி சாதாரண குப்பைத் தொட்டிலயே போடலாம், அப்படிப் போடறதுக்குன்னே செஞ்சது. மத்தவங்க குழி தோண்டினா 6ல இருந்து 8 இஞ்ச் ஆழம், தண்ணில இருந்தும் கேம்ப்ல இருந்தும் 200 அடி தள்ளி, மண்ணு போட்டு மூடணும். டிஷ்யூ பேப்பரைப் புதைக்காம ஜிப் பைல போட்டு திருப்பி எடுத்துட்டு வந்துடு. எல்லாரும் புதைச்சுப் புதைச்சு மிருகம் தோண்டி எடுத்து, நல்ல இடமெல்லாம் வெள்ளை வெள்ளையா கிடக்குது, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

குளிக்க பார்க்குக்குள்ள மேதர் பக்கத்துல கேம்பர் சர்வீசஸ்னு இருக்கு, காசு போட்டா ஷவர், துணியும் துவைச்சுக்கலாம். காட்டுக்குள்ள தண்ணி கிடையாது, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலனுக்குக் குறையாம வண்டில வெச்சுக்கோ.

டல்லாஸ்_ஈரோடு

அக்கா, நீங்க சொன்னது சரிங்க. வீட்லயும் அதே பேச்சுதான் ஓடுச்சு, அப்பா மட்டும் நானும் டென்ட்லதான் படுப்பேன்னு நிக்கறார். ரூம் பாத்துடறேன். இன்னொரு சந்தேகம், பையன் கேம்ப் ஃபயர் கேம்ப் ஃபயர்னு குதிக்கறான், வீட்டுக்காரர் கரி அடுப்பு வாங்கி சிக்கன் சுடலாம்ங்கறார். பண்ணலாங்களா?

பாண்டரோசா_நிழல்

அன்னிக்கு என்ன தீக்கட்டுப்பாடு இருக்குங்கறதைப் பொறுத்தது. ஸ்டேஜ் 1ங்கற முதல் கட்டக் கட்டுப்பாடு போட்டுட்டா டிஸ்பர்ஸ்டு இடத்துல விறகு தீ, கரி அடுப்பு ரெண்டுமே கூடாது. திருகி அணைக்கற வால்வு வெச்ச கேஸ் அடுப்பு மட்டும் ஓகே. அக்டோபர்ல பெரும்பாலும் தளர்த்தியிருப்பாங்க, ஆனாலும் கேட்டுட்டுத்தான் மூட்டணும். 2025 ஜூலைல நார்த் ரிம்ல மின்னல்ல பிடிச்ச டிராகன் பிராவோ தீ அங்க இருந்த பழைய கிராண்ட் கேன்யன் லாட்ஜையே எரிச்சுருச்சு. அந்த வறட்சில காத்து எப்படித் திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது.

அனுமதி இருந்தா ஏற்கனவே கல்லு வெச்ச பழைய அடுப்புக் குழியையே பயன்படுத்துங்க, புதுசா போடாதீங்க. கீழ விழுந்து காஞ்ச கட்டையை மட்டும் எடுங்க, மரத்தை வெட்டாதீங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி, குச்சியால கிளறி, மறுபடி ஊத்தி, புறங்கையை கிட்ட கொண்டு போய்ப் பாருங்க, சூடு தெரிஞ்சா இன்னும் அணையல. மேல மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போனா உள்ள கனிஞ்சுகிட்டே இருக்கும்.

குளிருதேன்னு டென்ட்டுக்குள்ள அடுப்போ கரியோ கொண்டு போகவே போகாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிரும்.

வேளச்சேரி_டு_வேகஸ்

கேஸ் சிலிண்டர் ஃபிளைட்ல எடுத்துட்டுப் போக முடியாது, ஃபிளாக்ஸ்டாஃப் கடைல வாங்கிக்கோங்க. குட்டி பிரஷர் குக்கர் இருந்தா செக்-இன் பேக்ல போடுங்க. அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சுரும், சும்மா பாத்திரத்துல பருப்பு வேகவே வேகாது.

ஸ்காபரோ_தமிழ்

கேக்கிற ஆக்களுக்குப் பிரயோசனப்படும் எண்டு எழுதுறன். இஞ்ச கனடாவில இப்பிடியான அரசாங்க நிலத்தைக் கிரவுன் லாண்ட் எண்டு சொல்லுவினம். ஒன்டாரியோவில, கனடாவில வசிக்கிற ஆக்கள் ஒரு இடத்தில வருஷத்துக்கு 21 நாள் வரைக்கும் காசில்லாமல் தங்கலாம். வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வடக்குப் பக்கம் போறதெண்டால் அவைக்கு பெர்மிட் எடுக்கவேணும், அதை மறந்திடாதேங்கோ.

ஃபீனிக்ஸ்_அக்கா

விசா கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. நேஷனல் ஃபாரஸ்ட் எல்லாருக்கும் திறந்ததுதான் தங்கச்சி, விசா பாத்து உள்ள விடறதில்ல. ஆனா வெளிநாட்டுக்காரங்க 18 வயசு ஆனவங்க ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு) மாதிரி ஆதாரத்தைக் கைல வெச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு, எல்லாரோட பாஸ்போர்ட்டும் ஐ-94 பிரின்ட்டும் வண்டில இருக்கட்டும். ஆபீசர் வந்தா டென்ட்ல இருந்து மெதுவா வெளிய வந்து பேசு, எங்க தங்கறோம்னு மேப்ல காட்டு, போதும்.

பார்க் டிக்கெட்டையும் பாத்துக்கோ. 2026 ஜனவரில இருந்து கிராண்ட் கேன்யன் உட்பட 11 பார்க்ல, அமெரிக்கால வசிக்காத 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க வருஷ பாஸ் இல்லேன்னா தலைக்கு 100 டாலர் கூடுதலா கட்டணும். பாஸ் இல்லேன்னா அப்பா அம்மாவுக்கு அது வரும், முன்னாடியே கணக்குல வெச்சுக்கோ.

டல்லாஸ்_ஈரோடு

ஐயோ அக்கா, இது தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. கடைசியா ஒண்ணே ஒண்ணுங்க. எங்க ஃபிளைட் மதியம் 3 மணிக்குத்தான் ஃபீனிக்ஸ் வருது. அன்னிக்கு ராத்திரியே காட்டுக்குப் போயிடலாமா?

பாண்டரோசா_நிழல்

வேண்டாம் சிஸ்டர். வண்டி எடுத்துக் கிளம்பவே நாலரை ஆகும், அங்கிருந்து மூணரை மணி நேரம், அக்டோபர்ல ஆறு மணிக்கெல்லாம் இருட்டிரும். இருட்டுல மேப்ல இருக்கற ரோடும் இல்லாத தடமும் ஒண்ணு போலத்தான் தெரியும், அந்தி நேரத்துல எல்க் வேற ரோட்டுக் குறுக்க நிக்கும், மோதினா வண்டியும் போகும் ஆளும் போகும். முதல் ராத்திரி எல்லாரும் ஃபிளாக்ஸ்டாஃப்லயே ரூம்ல தங்கிருங்க. காலைல கேஸ், தண்ணி, மளிகை வாங்கிட்டு, ரேஞ்சர் ஆபீசுக்குப் போன் போட்டுட்டு, மதியத்துக்குள்ள காட்டுக்குப் போய் வெளிச்சத்துல இடம் பிடிங்க. பட்டுப்போன மரத்துக்கு அடில மட்டும் டென்ட் போடாதீங்க. அது வேட்டை சீசனும் கூட, பையனுக்கு ஆரஞ்சு கலர் ஜாக்கெட் ஒண்ணு போட்டு விடுங்க. வண்டிக் கம்பெனி காட்டு ரோட்டுக்கு ஒத்துக்கலைன்னா இங்கயே சொல்லுங்க, தார் ரோட்டுலயே போய்ச் சேரக்கூடிய, காசு கட்டற கேம்ப்கிரவுண்ட் எது அப்ப திறந்திருக்குன்னு பாத்துத் தர்றேன்.