மறு: ‘செயற்கைத் துளை ரேடார்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

> சிந்தெடிக் அபெர்ச்சர் ரேடாருக்குச் ‘செயற்கைத் துளை ரேடார்’ என்றே வைத்துக்கொள்ளலாம். புழக்கத்தில் இருப்பதுதானே.

இப்படி எழுதிய கோலாலம்பூர் அண்ணன் மன்னிக்க வேண்டும். செயற்கைக்கோளிலிருந்து ரேடியோ அலை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் நிலத்தைப் படமெடுக்கும் கருவி இது. போன ஞாயிறு ஜார்ஜ்டவுனில் என் அறிவியல் வகுப்பில் இந்தச் சொல்லைப் பலகையில் எழுதினேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஓட்டை போட்டா செயற்கைக்கோள் கெட்டுப் போகாதா சார்?” என்றாள். பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது.

அன்றைய பாடம் இந்தோனேசியாவின் எரிமலைத் தீவு அனாக் கிரக்கத்தாவ். ‘அனாக்’ என்றால் மலாயில் பிள்ளை என்று நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1883இல் தாய் எரிமலையான கிரக்கத்தாவ் வெடித்துச் சிதறிய இடத்தில் 1927இல் கடலுக்கு மேல் தலைகாட்டிய பிள்ளை அது. 2018 டிசம்பர் 22 இரவு அதன் தென்மேற்குப் பக்கம் கடலில் சரிந்து சுனாமி கிளம்பியது. மேலே மேகமும் சாம்பலும். கேமராவுக்கு ஒன்றும் தெரியாது; ரேடார் அலையோ அவற்றை ஊடுருவிப் போகும். சில மணி நேரம் கழித்து அந்த வழியே போன ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-1இன் ரேடார்தான் சரிந்த பக்கத்தைக் காட்டிக்கொடுத்தது. 338 மீட்டர் மலை சுமார் 110 மீட்டராகக் குறைந்துவிட்டது. அப்புறம் அது மறுபடி வளரத் தொடங்கியதையும் மேகம் மூடும் நாட்களில் ரேடாரை விட்டால் பார்க்க வழியில்லை.

சரி, இதில் துளை எங்கே? அந்தக் கோளின் ஆண்டெனா சுமார் 12 மீட்டர் நீளம். ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அதை மட்டும் நம்பினால், 3 கிலோமீட்டருக்குள் இருப்பதெல்லாம் குழம்பி ஒன்றாகிவிடும். தீவின் அகலமே 2 கிலோமீட்டர்தான். மொத்தமும் ஒரே புள்ளி! அதனால் கோள் ஓடுகிற வழிநெடுக எதிரொலிகளை வாங்கிச் சேர்க்கிறது. பிறகு கணினி அவற்றைக் கோத்து, பல கிலோமீட்டர் நீள ஆண்டெனா பார்த்ததுபோல் படமாக்குகிறது. ஆக, சிந்தெடிக் இங்கே செயற்கை அல்ல, தொகுப்பு. அபெர்ச்சரும் ஓட்டை அல்ல, அலையை வாங்கும் வாய்.

முதலில் ‘தொகுவாய்’ என்று யோசித்தேன். யாரையோ வேலை ஏவுவதுபோல் இருக்கிறதே என்று வீட்டில் சிரித்தார்கள். ‘அலைவாய்’ அழகுதான், ஆனால் அது திருச்செந்தூரின் பழம்பெயர், முருகன் வந்து நிற்பார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறும் எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். கடைசியில் ‘தொகுவிழி ரேடார்’ என்று முடிவு செய்தேன். விழி என்றால் ஒளியல்லவா என்று ஈப்போ அக்கா கேட்பார். பின்னால் வரும் ரேடார் அலையைச் சொல்லிவிடும், அக்கா. ரேடாருக்கே தமிழ் தேடும் சண்டையை மட்டும் இந்த இழையில் தொடங்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

வகுப்புத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.