ஐந்தாவது வாரத்திலேயே நான்கு பேரையும் சொல்லிவிடுவாராம்!

வெள்ளி இரவு:
டெக்சஸ் உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்க ஃபுட்பாலில் யார் பிளேஆஃப் (பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்று) போவார்கள் என்று ஐந்தாவது வாரத்திலேயே சொல்லிவிடலாம், டிஸ்டிரிக்டில் (பருவத்தில் தமக்குள் மோதும் பள்ளிகளின் பிரிவு) மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள நான்கு பள்ளிகளை எழுதினால் முடிந்தது என்று நேற்று கணக்கன் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பதினாறு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் மைதானத்தில் உட்காருகிறவன் நான். 1988 அவருக்குத் தெரியுமா? ஒரே டிஸ்டிரிக்டில் பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் ஹை என்ற மூன்று பள்ளிகளும் சமமாக முடித்தன. நள்ளிரவு தாண்டி, லாரிகள் நிற்கும் ஓரிடத்தில் பயிற்சியாளர்கள் காசு சுண்டினார்கள். மிட்லண்ட் ஹை வீட்டுக்குப் போனது. இதை எந்தக் கணக்கு முன்கூட்டிச் சொல்லும்?

கணக்கன்:
மறுபடியும் அந்தக் காசா! ஐயா, அப்போது டிஸ்டிரிக்டுக்கு பிளேஆஃபில் இரண்டு இடம். இன்று நான்கு. மூன்று அணிகள் முதலிடத்தில் சமமாக நின்றாலும் மூன்றும் உள்ளே போய்விடும். செத்துப்போன விதியை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பவர்களிடம் வாதாடுகிறீர்கள்.

வெள்ளி இரவு:
மூன்றாவது இடத்துக்கு மூன்று பேர் சமமாக வந்தால்? மீதி இருப்பது இரண்டு இடம். அதே 1988 தானே!

கணக்கன்:
அதற்குத்தான் புள்ளி வித்தியாசம். இரண்டு அணிகள் சமம் என்றால் நேருக்கு நேர் மோதியதில் வென்றவர். மூன்று என்றால் அந்தந்த டிஸ்டிரிக்ட் குழு முன்பே வகுத்த விதி. பெரும்பாலும் புள்ளி வித்தியாசம், ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்போடு. காசு எங்கே வந்தது?

வெள்ளி இரவு:
அதுவும் சமமானால் காசுதான். அந்தக் கடைசி வழி சில டிஸ்டிரிக்டுகளின் விதியில் இன்றும் இருக்கிறது. உச்சவரம்பைப் பற்றி எனக்கே பாடமா? எங்கள் ஊர் அணி 12 புள்ளி முன்னிலையில் இருந்தது. எட்டு விநாடி பாக்கி. பந்தைப் பிடித்து மண்டியிட்டால் வெற்றி. ஆனால் உச்சவரம்பு 15, சமநிலைக் கணக்குக்கு இன்னும் மூன்று புள்ளி வேண்டும். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் அந்த மூன்று கிடைக்கும். பயிற்சியாளர் உதைக்கும் பையனை உள்ளே அனுப்பினார். முன்வரிசையில் அவன் அப்பா டிக்கெட்டின் பின்பக்கம் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பேனா நடுங்கியது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மூன்று புள்ளி போயிற்று, பருவமும் போயிற்று. மாணவர் எண்ணிக்கையில் எங்கள் பள்ளி டிஸ்டிரிக்டிலேயே இரண்டாவது!

ஆலன் வாசி:
கணக்கன் சொல்வதே சரி. பெரிய பள்ளிதான் ஜெயிக்கும். எங்கள் ஆலனைப் பாருங்கள். 2012, 2013, 2014 மூன்று வருடமும் மாநிலப் பட்டம். எங்கள் மாணவர் கைலர் மர்ரி, குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) களமிறங்கித் தொடங்கிய ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

கேட்டிக்காரன்:
ஆறு கோடி டாலரில் 2012-இல் திறந்து, கான்கிரீட் விரிசல் விட்டு 2014-இல் பூட்டினீர்களே, அந்த மைதானத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பெரிய பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. செவன் லேக்ஸ் என்ன சின்னப் பள்ளியா? ஆனாலும் 2020 வரை ஒன்பது பட்டம் வாங்கியது கேட்டி ஹை.

ஆலன் வாசி:
மைதானத்தைச் சரிசெய்து 2015-இலேயே திறந்தாகிவிட்டது. 18,000 பேர் உட்காரலாம். பொறாமைக்கு மருந்து கிடையாது.

கணக்கன்:
மைதானத்தை விடுங்கள். நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 1988-இல் இடம் இரண்டு, ஆமா இல்லையா? இன்னொன்றும் சொல்கிறேன். காசில் தப்பிய பெர்மியன் அரையிறுதியில் டல்லஸ் கார்ட்டரிடம் தோற்றது. அந்தக் கார்ட்டர் வென்ற பட்டமும் ஒரு மாணவனின் கணித மதிப்பெண் தகராறில் 1991-இல் பறிபோனது. அப்படிப்பட்ட வருடத்தையா உதாரணம் காட்டுவது?

டிரம்பெட் அம்மா:
மதிப்பெண்ணை லேசாகப் பேசாதீர்கள். 70-க்குக் கீழே போனால் ஆட முடியாது என்ற சட்டம் 1984-இல் வந்தது. பேண்ட் வாசிக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே. என் மகள் வேதியியலில் 68 வாங்கி, மூன்று வாரம் டிரம்பெட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு நியாயம், ஃபுட்பால் பையனுக்கு வேறு நியாயமா?

கேட்டிக்காரன்:
அம்மா, அந்தப் பையன்கள் களத்தில் ஜெயித்தவர்கள். ஒரு மதிப்பெண்ணுக்காக ஓர் ஊரின் பட்டத்தையே பிடுங்குவது அநியாயம்.

டிரம்பெட் அம்மா:
படிக்கத்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம்!

கணக்கன்:
பேச்சை மாற்றாதீர்கள். இந்த வருடத்துக்கான நான்கு பெயர்களை எழுதி வைத்துவிட்டேன். பத்தாவது ஆட்டம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள்.

வெள்ளி இரவு:
போன வருடமும் எழுதினீர்கள். இரண்டு பெயர் தப்பிப்போனதும் அந்தப் பதிவையே அழித்தீர்கள். நான் மறக்கவில்லை.

கணக்கன்:
அழிக்கவில்லை, திருத்தினேன். ஒருவருக்கு முழங்கால் உடையும் என்று நான் கனவா கண்டேன்?

வெள்ளி இரவு:
அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

கணக்கன்:
நீங்கள் சொன்னது காசு. முழங்கால் அல்ல. 1988-இல் இடம் இரண்டு என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம்.

வெள்ளி இரவு:
காசு சுண்டினார்களா, இல்லையா?